ரூபாய்க்கு ஐந்து காசு



நூலக வார விழா மேடையில் ஏறியவன் நூல்களின் பெருமையைச் சொல்லாமல் வீட்டு வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இடம் தெரியாமல் பேசுகிறான் என்று எண்ணிவிட வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், இந்த மண்டபத்துச் சுவர்களை ஒட்டி வரிசையாக நிற்கும் அலமாரிகளும், அவற்றில் அடங்கிய நூல்களும், நாளிதழ் படிப்போருக்காகப் போட்டிருக்கும் நீண்ட மேசைகளும் எந்தப் பணத்தில் வந்தன என்று விசாரித்துக்கொண்டே போனால், அந்த விசாரணை நம் வீடுகளுக்கு அரையாண்டுக்கு ஒரு முறை நாம் செலுத்தும் சொத்து வரி ரசீதில் போய் நிற்கும்.

1948-ஆம் ஆண்டு, ஓமந்தூரார் ஆட்சியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூலகங்களுக்கென்று நிரந்தரமான வருமானம் ஒன்று ஏற்படாமல், தனவந்தர்களின் தயையையும் சர்க்கார் மானியத்தையும் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் வரையில் அவை நிலைபெறமாட்டா என்று பல்லாண்டுக் காலம் வாதாடிவந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சி அந்தச் சட்டத்தில்தான் பலித்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரையணா, நூலகத்துக்கென்று தனியே வசூலிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது; அந்த அரையணா காலப்போக்கில் வளர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துக் காசாக நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்காரரும் அதைக் கொடுத்தார். நூலகத்தின் படியை ஒருநாளும் மிதியாதவரும் கொடுத்தார். தம் வீட்டுச் சுவருக்குள் அடங்காத ஒரு நன்மைக்காக வீடுடையவர் ஒரு சிறு பங்கைத் தர வேண்டும் என்னும் நியாயத்தை இந்த ராஜ்யம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அனுஷ்டித்து வருகிறது. நான் இன்று கேட்பது புதிய நியாயம் அன்று. அதே நியாயத்தை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டும் என்றும், சொத்து வரியில் ரூபாய்க்கு ஐந்து காசு கூட்டி எடுத்து, அதைக் கூரை இல்லாத குடும்பங்களுக்குக் கூரை அமைப்பதற்கென்று தனியே ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கவாட்டில் வால்டாக்ஸ் சாலை என்று ஒரு சாலை போகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரையில் வந்து திரும்பிய காலத்தை ஒட்டி, கிழக்கிந்தியக் கும்பெனியார் அன்றைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். அதற்கு ஆன செலவைக் குடிமக்களிடம் வரியாகத் திரட்டவும் எண்ணினார்கள். அந்த மதில் வரியின், அதாவது 'வால் டாக்ஸ்' என்பதன், நினைவாகவே சாலை இன்றும் அப்பெயர் தாங்கி நிற்கிறது. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்காவில் அதன் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உடைமை உள்ளவர்களின் உடைமையைக் காப்பதற்குப் பொதுவில் வரி எடுக்கலாம் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தோன்றிய அந்த இடத்தில்தான், இன்றைக்கு நடைபாதையே வீடாகக் கொண்ட குடும்பங்கள் வசிக்கின்றன.

'வசிக்கின்றன' என்ற சொல்லை யோசித்தே சொன்னேன். வெளியூரிலிருந்து நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று நாம் அவர்களைப் பற்றி எண்ணிக்கொள்கிறோம், அது சரியன்று. பாரிமுனையிலும் யானைக்கவுனியிலும் கொத்தவால்சாவடிப் பக்கத்திலும் நடைபாதையில் பிறந்து, நடைபாதையில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வாக்காளர் அட்டையில் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள். பெண்கள் பூக்கட்டுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள், பழைய காகிதமும் இரும்பும் பொறுக்குகிறார்கள். கடைகள் அடைத்த பிறகு அடுப்பு மூட்டி, கடைகள் திறப்பதற்கு முன்னே பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, கம்பி வேலியிலோ மரக்கிளையிலோ தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். குளிப்பதற்கும் மலஜலம் கழிப்பதற்கும் அவள் ஒவ்வொரு முறையும் கட்டணக் கழிப்பறையில் காசு கொடுக்க வேண்டும். மழை பிடித்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மூடிய கடையின் தாழ்வாரத்துக்கு ஓட வேண்டும். வயது வந்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில், ஒரு கண் மூடி ஒரு கண் மூடாமல் இரவைக் கழிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பேச்சு எழவில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும்படி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அறிவுறுத்தியது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் காப்பகங்களுக்கென்று தனித் திட்டம் ஏற்பட்டது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துகிறது; அவற்றில் உண்மையான சிரத்தையோடு தொண்டு புரிகிறவர்கள் உண்டு. ஆயினும், ஆணுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு ஓர் இடம், சிறுவருக்கு வேறோர் இடம் என்று பெரும்பாலும் பிரிந்து கிடக்கும் காப்பகங்களுக்குள், கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக இருக்கும் ஒரு குடும்பம் எப்படி நுழையும்? தனியாளுக்கும், நோயுற்றவருக்கும், கைவிடப்பட்ட முதியவருக்கும் காப்பகம் பரம உபகாரமான ஏற்பாடு. குடும்பத்துக்கு வேண்டியது கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். அதே கணக்கெடுப்பு நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கும் அதிகம் என்று சொல்லிற்று. இந்த இரண்டு எண்களும் ஒரே புத்தகத்தில் அச்சாகியிருப்பதை எந்த மனத்தோடு நாம் படிப்பது?

"தர்மவான்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்யட்டுமே" என்று சொல்பவர்கள் உண்டு. தர்மத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1782-இல் பஞ்சம் தலைவிரித்தாடியபோது பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக வடசென்னையில் எழுந்ததுதான் மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித் தொட்டியே வைத்தியசாலையாக வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக விளங்குகிறது; வடசென்னைவாசிகளில் வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சரித்திரமே எனக்குச் சாட்சி சொல்கிறது. கஞ்சியை வார்க்கத் தொடங்கியது தயாளம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்றாடம் சிகிச்சை அளிக்கும் ஸ்தாபனமாக அதை நிலைநிறுத்தியது பொதுப் பணம். ஒருவர் மனம் இரங்கும் நாளில் இன்னொருவருக்குச் சோறு கிடைக்கலாம். ஒருவர் மனம் இரங்கும் நாளையெல்லாம் எண்ணிக்கொண்டு இன்னொருவர் வாழ்நாள் முழுதும் குடியிருக்க முடியாது.

சரி, பொதுப் பணமே ஆகட்டும்; அதற்கு வீட்டுக்காரன்தானா அகப்பட்டான், வருமான வரி இல்லையா, விற்பனை வரி இல்லையா என்ற கேள்வி எழும். நேர்மையான கேள்வி இது. இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனிதர் தம் உழைப்பால் வீடு கட்டுகிறார். செங்கல்லும் சிமெண்டும் அவர் பணம். அதில் எவருக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் அந்த வீடு நிற்கும் நிலத்தின் விலை முப்பது ஆண்டுகளில் பன்மடங்காக உயர்ந்திருக்கிறதே, அந்த உயர்வை அவர் எந்த உழைப்பால் சம்பாதித்தார்? சாலை வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, பள்ளியும் மருத்துவமனையும் வந்தன, 2015-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் வந்தபோது அவர் தூங்கி எழுந்த வேளையில் அவருடைய மனை விலையேறியிருந்தது. இதை ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879-இலேயே ஒரு பெரிய நூல் எழுதி உலகத்துக்கு எடுத்துரைத்தார். அந்தச் சாலைக்கு ஜல்லி சுமந்தவரும், அந்த அங்காடிக்கு மூட்டை இறக்கியவரும், விலையேறிய அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கியவரும் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள் என்றால், நகரம் முழுவதும் சேர்ந்து உண்டாக்கிய அந்த மதிப்பில் ரூபாய்க்கு ஐந்து காசு அவர்களுக்குச் சேர வேண்டியது கடன். அதை நான் யாசகமாகக் கேட்கவில்லை.

ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர் ஒருவர் எழுந்து, "வீடு பெரியது, வருமானம் சிறியது, நான் என்ன செய்வேன்?" என்று கேட்டால், அவர் துயரத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் கலங்கியதை அறிவேன். பழைய சென்னையில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் வரி ஏறிற்று. இந்தப் படிமுறையே நமக்கு வழிகாட்டட்டும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கும், சொந்தமாகக் குடியிருக்கும் வருமானமற்ற முதியவர்களுக்கும் இந்த ஐந்து காசிலிருந்து முழு விலக்கு அளிக்கலாம். மற்றவர்களுக்கு எவ்வளவு ஆகும்? அரையாண்டு வரி 3,000 ரூபாய் என்றால் 150 ரூபாய். வாடகைக்காரர் தலையில் இதை வீட்டுக்காரர் சுமத்தினாலும்கூட மாதத்துக்கு 25 ரூபாய்தான் ஆகிறது. தனித்தனியே பார்த்தால் அற்பமான இத்தொகை, நூறு கோடி வரி வசூலாகும் இடத்தில் ஐந்து கோடியாகத் திரண்டு நிற்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. பணம் திரட்டுவதோடு காரியம் முடிந்துவிடாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வாக்காளர்கள் 2016-இல், மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்ட பெரும்பான்மையோடு, 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் அளித்தார்கள். கடனைச் சொத்து வரியிலிருந்து அடைத்து, பத்தாண்டுகளில் பத்தாயிரம் வீடுகள் வரையில் வீடற்றோருக்காகக் கட்டுவது என்பது திட்டம். நகரத்தார் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் அனுமதிகளும் நடைமுறைகளும் இழுத்தடித்தன. முதல் வீடுகள் குடிபுகத் தயாராவதற்கே ஆண்டுகள் ஆயின. பல கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டிற்று. கொடுத்தவர்களுடைய நல்லெண்ணம் வெறுப்பாக மாறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவ்வளவு தூரம் போவானேன். நூலகத்துக்கென்று வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைத்துக்கொள்கின்றன என்ற முறையீடு இந்த நூலகப் பணியாளர்களுக்குப் பழக்கமானதுதானே? ஆகையால் கூரைக்கென்று எடுக்கும் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சம்பளத்துக்கும் பாலத்துக்கும் அதைத் தொடலாகாது என்று சட்டமே தடுக்க வேண்டும். எத்தனை ரூபாய் வந்தது, எந்த வட்டத்தில் எத்தனை குடும்பம் குடியேறிற்று என்பது ஆண்டுதோறும் வரி ரசீதின் பின்புறத்திலேயே அச்சாக வேண்டும்.

இன்னொன்று. வீடு கொடுப்பது என்றால் நகரத்தை விட்டு வெளியேற்றுவது என்று ஆகிவிடக் கூடாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் கட்டடம் கட்டிக் கொடுக்கும் முறை பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் நகரத்தின் ஓரத்தில் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவருக்கு பல மைலுக்கு அப்பால் மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தால், பஸ் கட்டணத்துக்கும் பயண நேரத்துக்கும் தம் கூலியைப் பறிகொடுத்துவிட்டு, வாரத்தில் நான்கு இரவு அவர் மறுபடியும் அந்த நடைபாதைக்கே வந்து படுப்பார். எந்த வட்டத்தில் வரி எடுக்கிறோமோ அதே வட்டத்திலோ அதன் அண்டையிலோ, மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடங்களைச் செப்பனிட்டும், பூட்டிக் கிடக்கும் வீடுகளை நியாயமான வாடகைக்கு எடுத்தும், சிறு சிறு கட்டடங்கள் எழுப்பியும் இக்காரியத்தைச் செய்ய வேண்டும். தம் தெருவில் அப்படிப்பட்ட கட்டடம் வருவதை எதிர்க்கத் தோன்றும் பெரியோர்கள் இங்கே இருந்தால், அந்தக் குடும்பங்கள் இப்போதும் தங்கள் தெருவில்தான் இருக்கின்றன என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

1948-இல் செய்ததைப் போல இதற்கும் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். சட்டமன்றத்தை அசைப்பதற்கு நம் கையில் ஒரு சாதனமும் வந்திருக்கிறது. 2022 முதல் நம் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்குக்கும் கால்வாய்க்கும் அங்கே மனுக் கொடுக்கிறோம். அடுத்த பகுதி சபையில், வரி செலுத்துகிறவர்களாகிய நாமே எழுந்து, எங்கள் வரியில் ரூபாய்க்கு ஐந்து காசு கூட்டிக்கொள்ளுங்கள், அதைத் தனி நிதியாக வையுங்கள், எங்கள் வட்டத்து நடைபாதைக் குடும்பங்களை எங்கள் வட்டத்திலேயே குடியேற்றுங்கள் என்று தீர்மானம் நிறைவேற்றி மாமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அனுப்ப வேண்டும். அத்தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அவைத்தலைவர் அனுமதித்தால் இப்போதே படித்து முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிற வீட்டுக்காரர்கள் தங்கள் வட்ட எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.