சக்கரத்தின் பிடியும் சாரதியின் பயிற்சியும்



வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையை நீங்கள் அறிவீர்கள். சமவெளியில் தொடங்கும் அச்சாலை, கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து, பெருமாள்மலையைத் தொட்டு, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திற்குச் செல்கிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். விடுமுறை நாள்களில் இளைஞர் சிலர் இச்சாலையில் வண்டியின் விரைவைச் சோதித்துப் பார்க்க முற்படுகின்றனர். விரைவில் விருப்பம் கொள்வது இளமையின் இயல்பு. அதனை நான் பழிக்க வரவில்லை. அவ்விருப்பத்திற்கு உரிய இடம் எது, உரிய முறை எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

உரிய இடம் ஒன்று உண்டு. அதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். திறந்த திடலில் குறுகிய வளைவுப் பாதை ஒன்றை அமைப்பர். ஒரு வண்டி ஓடும்போது வேறு வண்டி அதனை நெருங்கி முந்துவதில்லை. பகைவன் கடிகாரம் ஒன்றே. அமெரிக்க நாட்டில் தார்த் தளத்தில் கூம்புகளை நிறுத்தி ஓடுவர். கூம்பைத் தட்டினால் தண்டனையாகச் சில நொடிகள் கூட்டப்படும். இங்கிலாந்தில் புல்வெளியிலும் மண்தரையிலும் ஓடுவர். நம் நாட்டிலும் மண்தரை ஓட்டமே பெரும்பான்மை.

தமிழ்நாட்டிற்கு இத்துறை புதிதன்று. சென்னை மோட்டார் பந்தயக் கழகம் 1953ஆம் ஆண்டில் தோன்றியது. போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமைந்தது. கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இவையெல்லாம் பொதுச்சாலையை விட்டு விலகி, விதிக்கு அடங்கி வளர்ந்த கலை என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

இனி, தொடக்க ஓட்டி முதலில் அறிய வேண்டியது யாது? எஞ்சினின் வலிமையா? அன்று, டயரின் பிடிப்பே. ஆயிரம் கிலோ எடையுள்ள காரின் நான்கு டயர்களிலும் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு காற்றழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். கிலோவைப் பவுண்டாக்கி 30ஆல் வகுத்து, நான்காகப் பங்கிடுங்கள். ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 18 சதுர அங்குலம் என விடை வரும். உள்ளங்கையளவு இடம்! நால்வர் உயிரைத் தாங்குவன அந்த நான்கு உள்ளங்கைகளே.

அந்தப் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருவாய் போன்றது. பிரேக்குக்கு முழுவதையும் செலவிட்டால் வளைவுக்கு மிச்சமிராது. ஆதலின் நேர்ப்பாதையிலேயே விரைவைக் குறைத்து, பிரேக்கைத் தளர்த்தி, பின்னர்ச் சீராகத் திருப்ப வேண்டும். மேலும், விரைவு இருமடங்கானால் வண்டி நிற்கப் பிடிக்கும் தொலைவு நான்கு மடங்காகும். இயற்பியல் வகுப்பில் நீங்கள் படித்த வாய்பாடு இதுவே.

டயரைத் தேர்வது எப்படி? தொடக்க ஓட்டிக்கு விலையுயர்ந்த பந்தய டயர் வேண்டா. வண்டி செய்தவர் குறித்த அளவுள்ள, நல்ல நிலையிலுள்ள, சாதாரணச் சாலை டயரே போதும். காரணம் சொல்கிறேன். சாலை டயர் பிடிப்பை இழக்குமுன் கிறீச்சிட்டு எச்சரிக்கும். சறுக்குவதும் சிறிது சிறிதாகவே. பந்தய டயரோ கூடுதலாகப் பிடித்திருந்து, எல்லை கடந்ததும் பெரும்பாலும் திடீரென விட்டுவிடும். பயில்பவனுக்கு முன்கூட்டிச் சொல்லித் திருத்தும் ஆசிரியர் வேண்டும். பேசாதிருந்து தேர்வன்று தோற்கடிப்பவர் உதவார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பட்டறைக்காரர் ‘பட்டன்’ என்று சொல்லும் மேல்வெட்டுகளின் ஆழம் முதலாவது. காருக்கு அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி. மழைநீரை ஒதுக்கி ரப்பரைத் தரையோடு சேர்ப்பவை அவ்வெட்டுகளே. அடுத்து, பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களைக் காண்க. 1224 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். வெட்டு ஆழமாக இருப்பினும், முதுமையால் இறுகி வெடிப்புக் கண்ட ரப்பர் பயன்படாது. ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் ஒரே வகை டயர் இருத்தல் வேண்டும்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். திடலில் ஓடுவோர் ஓர் எளிய உத்தி கையாளுவர். டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு ஒரு சுற்று ஓடிவருவர். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்றுக் குறைவு. மேல்விளிம்பையே தொடாதிருந்தால் காற்று மிகுதி. வீடு திரும்புமுன், வண்டிக்குரிய அளவுக்கே காற்றை மாற்றிக்கொள்வது கடமை.

மலையேறினால் காற்றழுத்தம் மாறுமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறுகையில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 3 பவுண்டு குறையும். அதனால் அளவுகருவி அத்தனை மிகுதியாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர் 12 பாகை கூடுதல் என்று கொண்டால், உட்காற்று சுருங்கி ஏறத்தாழ 2 பவுண்டு குறைந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஈடுசெய்துகொள்கின்றன. ஆகவே மலையேறியவுடன் காற்றைத் திறந்துவிடுவது அறியாமை. இறங்கும்போது குறையழுத்த டயர் சூடேறித் துன்பம் தரும்.

தொடங்க விரும்புவோர் 18 வயது நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெறுக. பின்னர், இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பு வகுத்த விதிப்படி நடக்கும் போட்டியையே நாடுக. வேண்டிய அனுமதியைக் கேட்டுப் பெறுக. தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் இன்றியமையாதவை. ஓடுமுன் வண்டியிலுள்ள ஸ்டெப்னி, கருவிகள் முதலிய உதிரிப் பொருள்களை இறக்கிவிடுக. சக்கரத்தின் நட்டுகளைச் சரிபார்க்க. பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க. ஓட்டும்போது அருகிலுள்ள கூம்பை நோக்காது, அடுத்த வளைவை நோக்குக. முதல் நாளில் நேரத்தை எண்ணாதீர்கள். பாதை தவறாது முடிப்பதே வெற்றி. சாண் ஏற முழம் சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கக் கற்பதற்கு ஏற்ற இடம் திடலே.

திடலில் தவறினால் ஒரு கூம்பு சாயும். மலைச்சாலையில் தவறினால், எதிரே கீரையும் கேரட்டும் ஏற்றிவரும் பூம்பாறை உழவரோ, பள்ளி முடிந்து ஓரமாக நடக்கும் சிறுவனோ பலியாகலாம். அவர்கள் எந்தப் பந்தயத்திற்கும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். மலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டுமென்ற விதியும் பிறர் உயிரை மதித்து எழுந்ததே. திடலில் பயின்றவன் டயரின் எல்லையை அறிகிறான். அறிந்தவன் அந்த எல்லையைச் சாலையில் நெருங்கான். மூடுபனி சூழ்ந்த வளைவில் விரைவைத் தானே குறைப்பவனையே நான் தேர்ந்த ஓட்டி என்பேன்.