மோ நார்மன் மட்டை பிடித்த விதம்



கோல்ஃப் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை இரண்டாயிரம் கூறு போட்டால், அதில் ஏறக்குறைய ஒரு கூறு. 46 கிராம்கூட இல்லாத அந்தப் பந்து எங்கே போய் விழும் என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது. மட்டை என்ன வேகத்தில் வந்தது, எந்தப் பாதையில் வந்தது, அதன் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, முகத்தில் எந்த இடத்தில் பந்து பட்டது, இவைதான் கணக்கு. அடித்தவர் பார்க்க அழகாக நின்றாரா என்பது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அந்த அழகைத்தான் முதலில் கேட்கிறார்கள். இப்படி நில், இப்படிப் பிடி, இப்படிச் சுழற்று என்று ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கிறார்கள். அந்த அச்சுக்குள் அடங்காத ஒருவர் கனடாவில் இருந்தார். அவர் பெயர் மோ நார்மன்.

1929-ல் ஆன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில், வசதியில்லாத உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பிறருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலை. பிறகு ராக்வே என்ற நகராட்சி மைதானத்தில் ஓயாத பயிற்சி. கைத்தோல் உரியும்வரை அடிப்பார். மிகுந்த கூச்சக்காரர். போட்டியில் வென்றுவிட்டுப் பரிசு வாங்க மேடையேறாமல் நழுவிவிடுவார். 1955-லும் 1956-லும் கனடிய அமெச்சூர் பட்டம் அவருடையது. 1955-ல் பெற்ற வெற்றியால் 1956-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அழைப்பு வந்தது. அங்கே புகழ்பெற்ற வீரர் சாம் ஸ்னீட் ஒரு யோசனை சொல்ல, அதைப் பழகிப் பார்க்கப் போய் நூற்றுக்கணக்கில் பந்துகளை அடித்துத் தள்ளி, கை ரணமாகி, போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றிலும் அவர் நிலைக்கவில்லை. அவருடைய உடையையும் நடத்தையையும் அங்கிருந்தவர்கள் குறை சொன்னார்கள். மனம் நொந்து ஊர் திரும்பிவிட்டார்.

அவர் அடித்த பந்து மட்டும் நூல் பிடித்ததுபோல் நேரே போனது. எப்படி?

வழக்கமான முறையில் கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும். மட்டையை விரல்களில் பிடிப்பார்கள். அதனால் கைக்கும் மட்டைத் தண்டுக்கும் நடுவே ஒரு கோணம் விழுகிறது. வீசும்போது மட்டைத் தலை வெளியே இழுக்க, அந்தக் கோணம் நிமிர்கிறது. பந்தில் படும் நேரத்தில் கைகள் தொடக்கத்தில் இருந்த இடத்தைவிட உயர்ந்துவிடுகின்றன. தண்டு ஒரு சாய்வில் கிளம்பி வேறொரு சாய்வில் வந்து சேருகிறது. அந்த வித்தியாசத்தை இடுப்பும் முதுகும் ஒவ்வொரு அடியிலும் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது.

நார்மன் அந்த வித்தியாசத்தையே எடுத்துவிட்டார். கைகளை உடம்பைவிட்டு விலக்கி, உயரமாக நீட்டி, கையும் தண்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி நின்றார். மட்டையை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தார். கால்களை நன்றாக அகட்டிக்கொண்டார். மட்டைத் தலையைப் பந்தை ஒட்டி வைக்காமல் ஓர் அடி பின்னால் வைத்துத் தொடங்குவார். பின்வீச்சு குறைவு. அடிக்கும்போது எந்தச் சாய்வு வேண்டுமோ அதே சாய்வில் தொடங்கிவிட்டால் நடுவில் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒற்றைத் தள வீச்சு என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

இதைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். முதுகுக்குச் சிரமம் குறையும் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர்களில் பலர் நார்மனின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு அசைவை விட்டுவிடுகிறார்கள். காலை அகட்டுகிறார்கள், கையை நீட்டுகிறார்கள், பிறகு இடுப்புக்குக் கீழே சிலையாகிவிடுகிறார்கள். நார்மனின் பழைய படச்சுருள்களைப் பாருங்கள். முழங்கால்கள் இலக்கை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். பந்து போன பிறகும் மட்டைத் தலை இலக்குக் கோட்டிலேயே நெடுந்தூரம் ஓடும். அந்தக் கால் அசைவு இல்லாவிட்டால் இந்த முறையில் மிஞ்சுவது வலுவில்லாத ஒரு தள்ளல்தான். கருவியையும் கவனிக்க வேண்டும். உள்ளங்கையில் பிடிப்பதற்குக் கைப்பிடி பருமனாக இருப்பது நல்லது. தண்டும் தலையும் சேரும் கோணமும் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும்.

தூரம் குறையுமா என்று கேட்பார்கள். மணிக்கட்டு மடிப்பு குறைவதால் தொடக்கத்தில் குறையலாம். ஆனால் பிரைசன் டிஷாம்போவைப் பாருங்கள். இயற்பியல் படித்தவர். தன்னுடைய இரும்பு மட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் செய்து வாங்கி, ஏறக்குறைய ஒற்றைத் தளத்தில் வீசுகிறவர். 2020-லும் 2024-லும் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றவர். மிக நீண்ட தூரம் அடிக்கிறவர்களில் ஒருவர்.

ஒற்றைத் தள வீச்சுக்கு நேர் எதிர்த் துருவம் கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக். மட்டையைச் செங்குத்தாக மேலே தூக்கி, உச்சியில் ஒரு வளையம் போட்டு, வேறு பாதையில் கீழே இறக்குவார். கிரிக்கெட்டில் பும்ரா ஓடி வந்து பந்து வீசுவதை முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு இருந்த திகைப்புதான் ஃப்யூரிக்கைப் பார்ப்பவர்களுக்கும். அவருக்கு ஆசான் தந்தை மைக். மகனின் வளையத்தை அந்தத் தந்தை நேராக்கப் போகவில்லை. எனக்கு அவர்மீது பெரிய மரியாதை உண்டு. மகன் 2003-ல் அமெரிக்க ஓப்பனை வென்றார். 2016-ல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பிஜிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் வரலாற்றில் அதற்கு முன் யாரும் அத்தனை குறைவாக அடித்ததில்லை.

நார்மன் குறுக்கு வழியில் போனார், ஃப்யூரிக் சுற்று வழியில் போகிறார். பந்தில் படும் அந்தத் துளி நேரத்தில் இருவருடைய மட்டை முகமும் பார்ப்பது ஒரே திசையைத்தான்.

நார்மனுக்கு அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1995-ல் கோல்ஃப் பந்து செய்யும் டைட்லிஸ்ட் நிறுவனம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் மாதம் 5,000 டாலர் தர முன்வந்தது. அவர் இறந்தது 2004-ல். தம் வீச்சை முழுமையாகத் தமதாக்கிக்கொண்டவர்கள் பழம்பெரும் வீரர் பென் ஹோகனும் மோ நார்மனும்தான் என்று பின்னாளில் டைகர் உட்ஸ் சொன்னார்.

நேயர்களில் யாராவது இந்த முறையைப் பழக நினைத்தால் குட்டை இரும்பு மட்டையில் தொடங்குங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்காமல் மெதுவாக அடியுங்கள். இலக்குக் கோட்டுக்குப் பின்னால் யாரையாவது நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பந்தில் படும் நேரத்துச் சாய்வும் தொடங்கிய நேரத்துச் சாய்வும் அந்தப் படத்தில் பொருந்தும்வரை பெரிய மட்டையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.