பழக்கினால் பழகும் தோல் சீட்

(நம் குடியிருப்பின் சைக்கிள் குழுவினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சந்தேகங்களும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். தூண்களை ஒட்டி எத்தனையோ நல்ல சைக்கிள்கள் தூசி படிந்து, காற்று இறங்கி நிற்கின்றன. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உட்கார முடியலைங்க, வலி தாங்கலை."

இதில் டாக்டர் சொல்லி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலியால் நீண்ட தூரம் நடக்க முடியாது, சைக்கிளாவது ஓட்டலாம் என்று தொடங்கியவர்கள் அவர்கள். சீட் வலிக்கிறது என்று சைக்கிளை நிறுத்தினால், அவர்களுக்கு உடற்பயிற்சியே நின்றுபோகிறது. அதனால்தான் இன்று சீட்டைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். குறிப்பாகத் தோல் சீட். நம்மில் சிலர் அண்மையில் வாங்கியிருக்கிறீர்கள், "மரக்கட்டை மாதிரி இருக்கே, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றும் கேட்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

வலி எங்கிருந்து வருகிறது?

இடுப்பெலும்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. மரப் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை அடியில் கொடுத்தால் இரண்டும் தட்டுப்படும். உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். அவற்றுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதியில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போகின்றன. எடை அங்கே இறங்கினால் மரத்துப் போகும்.

மெத்தென்ற ஜெல் கவர் போட்டால் என்ன ஆகிறது? எலும்பு முனைகள் அதில் புதைந்துவிடும். நடுவில் இருக்கும் ஜெல் மேலே எழும்பி அந்த மென்மையான பகுதியையே அழுத்தும். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். அரை மணி நேரத்தில் மரத்துவிடும். சீட் மெத்தென்று இருப்பதைவிட, எலும்பு முனைகளைச் சரியாகத் தாங்குவது முக்கியம்.

உங்கள் அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஆன்லைனில் பொருள் வந்த அட்டைப் பெட்டி எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி, கடினமான நாற்காலியில் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சீட்டின் பின்பக்க அகலம் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் தேவைப்படும்.

தோல் சீட் எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1866-ல் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் குதிரைச் சேணம் போன்ற தோல் பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய குதிரை இறந்துபோக, சைக்கிளில் வேலைக்குப் போனார் என்றும், அதன் சீட் படுத்திய பாட்டில்தான் நல்ல சீட் செய்யக் கிளம்பினார் என்றும் அந்த நிறுவனமே ஒரு கதை சொல்லும். 1882-ல் அவர் சைக்கிள் சீட்டுக்கு முதல் காப்புரிமை பெற்றார். அவர்களுடைய பி17 என்ற சீட் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ அதே வடிவில் வந்துகொண்டிருக்கிறது.

அமைப்பு எளிமையானது. முன்னால் ஒரு இரும்பு மூக்கு, பின்னால் ஒரு இரும்புத் தகடு. இரண்டுக்கும் நடுவே தடித்த தோலை இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அடியில் பஞ்சு கிடையாது, வெறும் காற்றுதான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பின்னிய கட்டில் விறைப்பாக இருக்கும்; படுக்கப் படுக்க உடம்புக்கு ஏற்ற பள்ளம் விழும். தோல் சீட்டும் அப்படித்தான். உங்கள் இரண்டு எலும்பு முனைகளும் எங்கே அழுத்துகின்றனவோ அங்கே தோல் மெல்ல இறங்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சீட் கோணலாக நின்றால் பள்ளமும் தவறான இடத்தில் விழும். அதனால் பழக்கும் முன்பே சீட்டைச் சரியாக நிறுத்திவிட வேண்டும்.

முதலில் உயரம், பிறகு மட்டம், பிறகு முன்பின்

உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கணக்காகப் பார்க்க விரும்பினால், டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய வழி ஒன்று உண்டு. வெறுங்காலில் நின்று, தரையிலிருந்து கவட்டை வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். பெடல் கம்பிகள் (கிராங்க்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பிறகு உங்கள் முழங்கால் சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று நம்மில் பலர் சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். சீட் கம்பியை ஏற்றும்போது அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கம்பி முறியலாம்.

மட்டம்: கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். சீட்டின் முன்முனையும் பின்விளிம்பும் தொடுமாறு நீளவாக்கில் வையுங்கள். மட்டமாகவோ, மூக்கு இம்மியளவு உயர்ந்தோ இருக்கலாம். தோல் நடுவில் தொய்வதால், மூக்கு தாழ்ந்திருந்தால் முன்னால் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அதைத் தடுக்கக் கைகளை ஊன்றுவீர்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் வலிக்கும். மூக்கு அதிகம் உயர்ந்தால் முன்புறம் மரத்துப் போகும்.

முன்பின்: பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் உள்ள முழங்காலிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் அது பெடலின் அச்சுக்கு நேரே விழுவது நல்ல தொடக்க நிலை.

ஒரே நாளில் மூன்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால் திரும்பிப் போவது எளிது.

பழக்கும் காலம்

புதுச் செருப்பு கடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதற்காக முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டு திருப்பதி மலை ஏற மாட்டோம். தோல் சீட்டையும் முதல் வாரம் 15, 20 நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சில நூறு கிலோமீட்டரில் பள்ளம் தெரியத் தொடங்கும். தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 600 ஆகிவிடும். தோல் இறங்க இறங்க உங்கள் உயரமும் சில மில்லிமீட்டர் குறையும். ஒருமுறை சரிபார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கென்றே விற்கும் மெழுகுக் களிம்பை ஓட்டத் தொடங்கும் முன் மேற்புறம் மெல்லப் பூசி, ஒரு இரவு விட்டு, துணியால் துடையுங்கள். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை போதும். சீக்கிரம் இளகட்டும் என்று எண்ணெயில் ஊறவைப்பதும் வெந்நீரில் நனைப்பதும் தோலைக் கெடுத்துவிடும். தோல் இளகும், ஆனால் இழுவையை இழந்து தொட்டில்போல் தொங்கிவிடும்.

ஜீன்ஸ் போட்டு ஓட்டாதீர்கள். அதன் தடித்த தையல் சரியாக அழுந்தும் இடத்தில் வரும். புதுத் தோல் சாயம் விடலாம் என்பதால் முதல் சில வாரம் வெள்ளை பேன்ட்டும் வேண்டாம்.

மூக்கின் அடியில் உள்ள போல்ட்

சீட்டைத் திருப்பிப் பார்த்தால் மூக்கின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். அதை முடுக்கினால் தோல் இறுகும். புதுச் சீட்டில் இதைத் தொடவே வேண்டாம். வலிக்கிறது என்று இதை முடுக்குபவர்கள், விழ வேண்டிய பள்ளத்தை விழவிடாமல் செய்கிறார்கள். தோல் நன்றாகத் தொய்ந்து, உட்காரும்போது அடியில் உள்ள இரும்பு இடித்தால் மட்டும் கால் சுற்று முடுக்குங்கள். சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. அதிகம் முடுக்கினால் ரிவெட் அடித்த இடத்தில் தோல் கிழியும். கிழிந்த தோலைச் சரிசெய்ய வழியில்லை.

பக்கங்கள் மட்டும் வெளியே விரிந்து தொடையில் உரசினால் போல்ட் உதவாது. இருபுறமும் கீழ் விளிம்பில் துளையிட்டு, ஷூ லேஸால் அடியில் இழுத்துக் கட்ட வேண்டும். துளையிட, தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் சரியான ஊசி இருக்கும்.

நம் பேஸ்மென்ட்டில் கவனிக்க வேண்டியவை

காலையில் கார் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் தோல் சீட்டுக்கு ஆகாது. சைக்கிளைத் தள்ளி நிறுத்துங்கள், அல்லது ஒரு கவர் போடுங்கள். பின் சக்கரத்துக்கு மட்கார்ட் இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அடியிலிருந்து அடிக்கும். தோலின் அடிப்புறம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். நனைந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் தோல் நிரந்தரமாக நீண்டுவிடும். நனைந்துவிட்டால் நிழலில், காற்றாட உலரவிடுங்கள். மொட்டை மாடி வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து, லேசாகக் களிம்பு பூசினால் போதும்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

தேங்காய் எண்ணெய் தடவலாமா? வேண்டாம். உள்ளே ஊறி அளவுக்கு மீறி இளக்கும், நாளானால் சிக்கு வாடையும் வரும்.

வீட்டில் இரண்டு பேர் ஒரே சைக்கிளை ஓட்டுகிறோம், சரிவருமா? உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பள்ளம் ஒருவருக்குத்தான் விழும். இன்னொருவருக்குத் தனிச் சீட்டும் தனிக் கம்பியும் வைத்துக்கொள்வது நல்லது.

தோல் பொருள் பயன்படுத்துவதில்லை, எங்களுக்கு என்ன வழி? இதே முறையில் இழுத்துக் கட்டிய ரப்பர் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பழக்க வேண்டியதில்லை. மழைக்கும் அஞ்ச வேண்டாம். உயரம், மட்டம், முன்பின் என்ற மூன்றும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்? எலும்பு முனைகளில் வரும் வலி முதல் சில வாரம் இயல்பானது. நாளுக்கு நாள் குறைய வேண்டும். மரத்துப் போவது வேறு. அதைப் பழகட்டும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே இறங்கி, மூக்கின் மட்டத்தையும் சீட்டின் அகலத்தையும் பாருங்கள். சரிசெய்த பிறகும் தொடர்ந்தால் ஓட்டுவதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு மாதப் பொறுமை, ஒரு ஸ்பேனர், ஒரு ரசமட்டம். இவ்வளவுதான் தேவை. புதுச் சீட் வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் சீட்டின் உயரத்தையும் மட்டத்தையும் இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். ஒருவர் உட்கார, ஒருவர் அளக்க, வேலை எளிதாக முடியும்.