படுக்கையில் இருப்போரின் கண்ணியம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் செவியுற்றோம், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒரு பொறுப்பைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். எழுந்து நடமாட இயலாமல் வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு நாம் செய்யும் பணிவிடை எத்தகையது என்பதே அது.

நாம் முன்னர் இமாமத் செய்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டோம். மையித்தைக் குளிப்பாட்டுபவர் தாம் கண்ட குறையை மறைக்கக் கடமைப்பட்டவர் அல்லவா?

அங்கே பக்கவாதத்தால் படுத்துவிட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் சபரில் இருந்தார்கள். மாதந்தோறும் தவறாமல் பணம் வந்தது. பார்த்துக்கொள்ளச் சம்பளத்திற்கு ஆளும் இருந்தார். நாம் மூன்று முறை நலம் விசாரிக்கச் சென்றோம். அறையில் அத்தர் மணம் நிறைந்திருந்தது. பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "தொழ முடியவில்லையே, ஹஜ்ரத்" என்றார். "அல்லாஹ் லேசாக்குவான் அத்தா" என்று துஆச் செய்து, தேநீர் அருந்தித் திரும்பினோம். ஏன் முடியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காம் முறை சென்றது அவரைக் குளிப்பாட்டுவதற்காக. ஒருக்களித்துத் திருப்பியபோது முதுகின் அடிப்பகுதியில் எலும்பு தெரியுமளவு புண் இருந்தது. அத்தர் எதற்காக என்பது அப்போதுதான் விளங்கிற்று. "முடியவில்லை" என்று அவர் சொன்னதன் பொருளும் விளங்கிற்று. அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு.

அன்பர்களே, ஒரு மையித்தை எவ்வளவு பேணுதலோடு குளிப்பாட்டுகிறோம்! அவ்ரத்தை மறைக்கிறோம். மென்மையாகக் கை வைக்கிறோம். தேவையற்றவர்களை வெளியே அனுப்புகிறோம். மூச்சு நின்ற பின் கொடுக்கும் இந்தக் கண்ணியத்தை, மூச்சு இருக்கும்போது ஏன் கொடுக்கவில்லை? கதவைத் திறந்து வைத்தே உடை மாற்றுகிறோம். விருந்தினர் முன்னிலையில் அவருடைய மலஜலத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவரிடம் ஒரு சொல் சொல்லாமலே புரட்டிப் போடுகிறோம்.

நல்ல பணிவிடைக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தென்பட்டால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அழுத்தம் படாமல் காத்து, மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்ட வேண்டும். விரிப்பு ஈரமும் சுருக்கமும் இன்றி இருக்க வேண்டும். படுத்த நிலையில் உணவு ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் செல்லும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதன் பின்னும் அரை மணி நேரம் அப்படியே இருத்த வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்பு மட்டத்திற்குக் கீழே தொங்க வேண்டும். வாயையும் பல்லையும் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும்.

தொழுகையைப் பொறுத்தவரை மார்க்கம் வாசலை அடைக்கவில்லை. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் உண்டு. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் நேரம் வந்த பின் உளூச் செய்து தொழலாம். இதனை அவருடைய கட்டிலருகே சென்று சொல்லிக் கொடுப்பது நம்மைப் போன்ற ஆலிம்களின் கடமை.

யார் செய்வது என்பது அடுத்த கேள்வி. பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பிள்ளைகளின் கடமை. மருமகள் செய்வது அவளுடைய நற்குணம். அந்த நற்குணத்தையே கடமையாக்கி, இரவு பகலாக அவளை வாட்டிவிட்டு, 'எங்கள் வீட்டில் நன்றாகப் பார்க்கிறோம்' என்று மகன் சொல்வது நியாயமன்று. ஆள் அமர்த்தினால் அவருக்கு வேலையைக் கற்றுக் கொடுங்கள். உரிய ஊதியமும் ஓய்வும் கொடுங்கள். சபரில் இருப்பவர் தொலைபேசியில் "அத்தா சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேளாமல், "முதுகைப் பார்த்தீர்களா?" என்றும் கேட்கட்டும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம் தொடங்கியது. பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பாக அது வளர்ந்தது. 2008-ல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நமது மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கான ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்ய நம்மில் ஒருவர் முன்வந்தால் போதும்.

நிர்வாகத்தாரிடம் நமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, நமது மஹல்லாவில் படுக்கையில் இருப்போரின் பட்டியல் ஒன்றை எடுங்கள். இரண்டாவது, ஆண்களில் சிலரும் பெண்களில் சிலரும் பணிவிடைப் பயிற்சி பெற ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவது, சாய்வுக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி ஆகியவற்றை வாங்கி, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுங்கள். சந்தூக் வைப்பதற்குப் பள்ளிவாசலில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். அதில் ஏறும் முன் ஒருவர் படுத்திருக்கும் கட்டிலுக்கும் இடம் ஒதுக்குவோமாக.

நம் பெரியவர்களைக் கண்ணியத்தோடு பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.