டெப்ரா வில்சனுக்கு ஒரு கைதட்டல்



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். மறைவில் நின்று குரல் கொடுப்பதெல்லாம் நடிப்பில் சேராதாம்! பேர் சொல்ல மாட்டேன். டீ குடிக்கப் போயிருக்கிறார், வரட்டும்.

டெப்ரா வில்சன் என்று ஓர் அம்மையார். நியூயார்க்கில் பிறந்த கறுப்பினப் பெண். 1995-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘மேட் டிவி’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியபோது முதல் குழுவிலேயே இருந்தவர். விட்னி ஹூஸ்டனாக வருவார், ஓப்ரா வின்ஃப்ரேயாக வருவார். திடீரென்று ஒரு வாயாடிப் பெண்ணாக வந்து நிற்பார். அந்தப் பாத்திரத்தின் பெயர் தெரியுமா? பூனிஃபா லத்தீஃபா ஹலீஃபா ஷரீஃபா ஜாக்சன்! சிரிக்கிறீர்கள். இன்னொரு தடவை சொல்லவா? வேண்டாமய்யா, மூச்சு வாங்குகிறது.

கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, 8 சீசன் தாக்குப்பிடித்தவர் இவர். அப்புறம் இவரும் கிளம்பினார். ஏன்? தனக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்கார நடிகருக்குக் கூடுதல் சம்பளம் என்று தெரியவந்தது. பிற்பாடு பேட்டியில் அவரே சொன்ன சேதி. நேற்று வந்தவருக்குத் தலைவாழை இலை, இத்தனை வருஷம் பரிமாறியவருக்குத் தொன்னையா? தட்டுங்கள், இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப்போகிறீர்கள்!

சரி, கதைக்கு வருகிறேன். குரலை எடுத்துக்கொண்டு வீடியோ கேமுக்குப் போனார். முகம் சுளிக்காதீர்கள், உங்கள் பேரனைக் கேளுங்கள். 2017-இல் ‘உல்ஃபென்ஸ்டைன்’ விளையாட்டில் நாஜிகளை எதிர்க்கும் கிரேஸ் வாக்கர். 2019-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டில் சியர் ஜுண்டா.

நண்பர் வந்துவிட்டார்! அண்ணே, கேளுங்கள். இந்த விளையாட்டுகளில் நடிக்க உடம்போடு ஒட்டிய உடுப்பு, அதில் அங்கங்கே குறிகள். தலையில் ஒரு கவசம், அதிலிருந்து நீளும் கம்பியின் முனையில் முகத்தையே முறைக்கும் கேமரா. எதிரே விண்கலமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வெறும் கூடத்தில் நின்று அழ வேண்டும், வாள் சுழற்ற வேண்டும். இது நடிப்பில்லை என்றால் நாம் மேடையில் செய்வதற்கு என்ன பேர்?

2023-இல் வந்த அடுத்த பாகத்தில் அந்த சியர் ஒரு சுவடிக்கூடத்தை உண்டாக்குகிறாள். அழிக்கப் படை வருகிறது. மற்றவர்களைத் தப்பவிட்டுத் தான் நின்று, டார்த் வேடரோடு மோதிச் சாகிறாள். நூலகம் என்றால் உயிர் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டுமா?

அந்தப் பாத்திரத்துக்காக 2024-இல் பாஃப்டா விருதுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. குரலுக்கென்று ஒதுக்கிய மூலையில் இல்லை அண்ணே, துணைப் பாத்திரத்தில் நடித்தவர்கள் வரிசையில்!

தலைவர் மணி அடிக்கிறார். அடிக்கட்டும். அந்தச் சம்பளக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.