மோட்டார் அப்புறம், பிரேக் முதலில்

(தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான சாலைப் பாதுகாப்பு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீளமான முன் ஃபோர்க், உயர்ந்த ஹேண்டில்பார், நீள சீட். இதுதான் சாப்பர் சைக்கிள். அமெரிக்காவில் 1963-ல் ஷ்வின் நிறுவனம் ஸ்டிங்-ரே என்ற மாடலைக் கொண்டு வந்தது. பிறகு இங்கிலாந்தின் ராலே நிறுவனம் 'சாப்பர்' என்ற பெயரிலேயே ஒன்றை விற்றது. அதில் முன் சக்கரம் 16 அங்குலம், பின் சக்கரம் 20 அங்குலம். நம்ம ஊரில் பழைய சைக்கிளை வெட்டி, வெல்டிங் வைத்து, அதே தோற்றத்தைக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு சைக்கிளோடு ஒரு பையன் என் பட்டறைக்கு வந்தான். "சார், இதுக்கு 1000 வாட் மோட்டார் போடணும்" என்றான். நான் ஒரு மக் தண்ணீரை எடுத்து இரண்டு ரிம்மிலும் ஊற்றினேன். "இப்போ ஓட்டிட்டு வந்து கேட் கிட்ட நிறுத்து" என்றேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்தும், கேட்டைத் தாண்டித் தெருவில் போய்த்தான் நின்றான். "இப்போ சொல்லு, எத்தனை வாட்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

காரணம் எளிது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், ரப்பர் பிரேக் கட்டை வழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால், நிற்க வேண்டிய தூரம் சுமார் நான்கு மடங்காகும். அதனால் முதல் செலவு பிரேக்குக்குத்தான். அலுமினிய ரிம், நல்ல பிரேக் கட்டை, முடிந்தால் டிஸ்க் பிரேக் போடுங்க. பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் தானாக நிற்கும் கட்-ஆஃப் லீவரும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது எடை. சாப்பரில் ஓட்டுபவரின் பாரம் பின்பக்கம்தான் இறங்கும். பேட்டரியையும் சீட்டுக்குப் பின்னால் கட்டினால், முன் சக்கரம் லேசாகித் தூக்கும். பேட்டரியை ஃபிரேமின் நடுவில், பெடலுக்குப் பக்கத்தில் தாழ்வாக வையுங்க. வெல்டிங் வைத்து நீட்டிய முன் ஃபோர்க்கில் மோட்டார் மாட்டவே வேண்டாம். பின் சக்கர ஹப் மோட்டார் நல்லது. மோட்டாரின் அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகடுக்கு டார்க் ஆர்ம் என்று பெயர். அதை மறக்காதீங்க.

இப்போ சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பெடல் உதவியோடு ஓடும் சைக்கிள் என்றால், அந்த வேகத்தை எட்டும்போதோ பெடல் மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் நின்றுவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான்களும் வேண்டும். இவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அதனால் கிட் வாங்கும்போதே சான்றைக் கேளுங்க. சந்தேகம் இருந்தால், வேலையை ஆரம்பிக்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்க.

அந்த எல்லையைத் தாண்டினால் உங்கள் சைக்கிள் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாம் தேவை. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய். 18 வயது ஆகாதவர் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சொல்றேன். தெருவில் நடந்து போகும் ஒரு பாட்டி மேல் மோதிவிட்டால், இழப்பீடு கொடுக்கக் காப்பீட்டு நிறுவனம் வராது. உங்க அப்பாவின் சம்பளத்திலிருந்துதான் போகும்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்றேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி மின்சாரம் நிற்கும். அரை யூனிட்கூட ஆகாது. கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால், சமதளத்தில் 25, 30 கிலோமீட்டர் போகலாம். பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத பேட்டரி வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் போடுங்க. பேட்டரிக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்துங்க. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீங்க. மாடிப்படிக்குக் கீழேயும், வாசலை மறித்தும் சார்ஜ் போடாதீங்க. தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடாமல், சேகரிப்பு மையத்தில் கொடுங்க. வாங்கிய கிட்டில் குறை இருந்தால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அந்தப் பையன் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். புது ரிம், புது பிரேக், சான்றோடு வாங்கிய 250 வாட்டுக்கு உட்பட்ட கிட். மக்கை அவனே எடுத்துத் தண்ணீர் ஊற்றினான். சைக்கிள் கேட்டுக்கு முன்னாலேயே நின்றது.

நீங்களும் அந்த ஒரு மக் தண்ணீர் சோதனையை முதலில் செய்து பாருங்க.