கைவண்ணமும் கணினிவண்ணமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் ஓய்ந்த 1945 மே மாதத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹான் வான் மேகரென் என்னும் ஓவியர் கைது செய்யப்பட்டார். 17-ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் வெர்மீருடையது எனக் கருதப்பட்ட ஓர் ஓவியம், இவர் கை வழியே நாஜித் தலைவன் கோரிங்கிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நாட்டின் கலைச்செல்வத்தைப் பகைவனுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. சில வாரங்கள் வாய் திறவாதிருந்தவர் முடிவில் கூறிய மறுமொழி அதிகாரிகளைத் திகைக்க வைத்தது. அந்த ஓவியம் வெர்மீருடையதன்று, அதனை வரைந்தவர் தாமே என்றார். அத்தோடும் நிற்கவில்லை. 1937-இல் ஆபிரகாம் பிரேடியஸ் என்ற மூத்த கலையறிஞர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று போற்றியதும், பின்னர் ராட்டர்டாம் நகரின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றதுமான ‘எம்மாவுஸ்’ ஓவியமும் தம் கைவேலையே என்றார்.

அச்சொல்லை எவரும் எளிதில் நம்பவில்லை. எனவே காவலில் இருந்தபடியே, சாட்சிகள் பார்த்திருக்க, வெர்மீர் பாணியில் இன்னும் ஓர் ஓவியத்தை அவர் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. தாம் ஏமாற்றியதை மெய்ப்பிப்பதற்காக ஒருவர் தூரிகை பிடித்த விந்தையான வழக்கு அது. அறிவியலாளர் குழுவும் ஆராய்ந்து அவர் கூற்றை உறுதி செய்தது. 1947 நவம்பரில் மோசடிக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பெற்றது. அதனை அனுபவிக்கு முன்னரே, டிசம்பர் இறுதியில் அவர் மறைந்தார்.

வான் மேகரென் செய்தது மோசடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மோசடிக்குள் உழைப்பு இருந்தது. பழங்காலக் கித்தானைத் தேடி வாங்கி, அதில் இருந்த வண்ணத்தைச் சுரண்டி, நிறப்பொருள்களை அரைத்து, பேக்கலைட் வகைச் செயற்கைப் பிசினைச் சேர்த்து வரைந்து, முடித்த ஓவியத்தை அடுப்பிலிட்டுச் சுட்டு, உருளை மீது உருட்டி வெடிப்புகள் உண்டாக்கினார். அந்தப் பக்குவம் கைகூட ஆண்டுகள் சில ஆயின. கணினி வரைந்து தந்த படத்தைக் கையால் வரைந்தது என்று காட்டுவோருக்கு இன்று அவ்வுழைப்பும் தேவைப்படவில்லை.

2022-ஆம் ஆண்டில் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. வேண்டிய காட்சியைச் சில சொற்களில் எழுதிக் கொடுத்தால் போதும், படம் உருவாகிவிடுகிறது. அது உருவாகும் விதம் அறியத்தக்கது. எண்ணற்ற படங்களும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களும் கருவிக்குப் பயிற்சிப் பொருளாகின்றன. 2022-இல் வெளியான லயான்-5பி என்னும் தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகள் இருந்தன. பயிற்சியின்போது படத்தின்மீது சிறிது சிறிதாகப் புள்ளிகள் தூவி அதனைக் குலைக்கிறார்கள். குலைந்ததைச் சீர்செய்யக் கருவி பழகுகிறது. பழகிய பின்னர் வெறும் புள்ளிக் குழப்பத்தைக் கொடுத்தாலும், எழுதித் தந்த சொற்களைத் துணைக்கொண்டு அதிலிருந்து ஓர் உருவத்தைத் தேற்றி எடுத்துவிடுகிறது. அங்கே முதற்கோடு இல்லை. அடிவண்ணம் பூசிக் காயும்வரை காத்திருக்கும் பொழுதும் இல்லை.

அத்தகைய படங்கள் சிலவற்றின் மூலையில், எந்த எழுத்தும் ஆகாத ஒரு கிறுக்கல் காணப்படுவதுண்டு. ஓவியர்கள் மூலையில் ஒப்பமிடுவார்கள் என்பதைப் பார்த்துப் பழகிய கருவி, எவருடையதும் அல்லாத ஓர் ஒப்பத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை எழுதி, அவர் பாணியில் படம் கேட்டவர்கள் பல்லாயிரவர். தம் பெயரைத் தேடினால் தாம் வரையாத படங்கள் வந்து நிற்பதைக் கண்டு அவர் கவலையுற்றார். பெயர் அவருடையது, படம் அவருடையதன்று.

கருவியைக் கையாள்வதே குற்றம் என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவி, எண்ணெய் வண்ண ஓவியம் போலத் தோன்றும் அச்சுப்படங்களை வெளியிட்டார். அவை அச்சுப்படங்களாகவே விற்கப்பட்டன. வாங்கியவர்களும் ஏமாறவில்லை. சிலர் அப்படங்களின் மேல் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அழகுசெய்து வைத்துக்கொண்டனர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022-இல் ஜேசன் ஆலன் என்பவரின் படம் எண்ணிம ஓவியப் பிரிவில் முதற்பரிசு பெற்றபோது பெரும் கண்டனம் எழுந்தது. ஆனால் அவர் தம் பெயரோடு ‘மிட்ஜர்னி வழியாக’ என்றும் எழுதியே கொடுத்திருந்தார். அச்சொல் குறிப்பது செயற்கை நுண்ணறிவுக் கருவியை என்பது நடுவர்களுக்குத்தான் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. விளங்கச் சொன்னாரா என்பது வேறு கேள்வி. அப்படத்துக்கு உரிமைப்பதிவு வழங்க அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் மறுத்துவிட்டது.

பொய் தொடங்கும் இடம் மற்றொன்று. கணினி தந்த படத்தின் கீழே ‘நீர்வண்ணம், கையால் வரைந்தது’ என்று எழுதும்போது அது தொடங்குகிறது. அப்படத்தைக் கித்தானில் அச்சிட்டு, நிறமற்ற பசையைத் தூரிகையால் ஆங்காங்கே தடவிவிட்டால், தொட்டுப் பார்ப்பவர் விரலும் ஏமாறும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினால் அச்சுப்பொறியின் நுண்புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். கணினித் திரையில் மட்டும் படம் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தமிழறிந்தோர்க்கு இடைச்செருகல் புதிதன்று. தாம் பாடியதைப் பெரும்புலவர் நூலுக்குள் நுழைத்தவர்கள் தம் பெயரை மறைத்துக்கொண்டார்கள். வான் மேகரெனும் அந்த இனத்தவரே. இன்றைய போலியாளரோ தாம் செய்யாததன் மேல் தம் பெயரைப் பொறிக்கிறார். முன்னவர் விரும்பியது பிறர் பெயரின் பெருமை. இவர் விரும்புவது உழைத்தவர் என்ற பெயர்.

அந்தப் பெயருக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. தூய நீர்வண்ண முறையில் வெண்மைக்கெனத் தனி வண்ணம் பூசுவதில்லை. வெண்மை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஒரு கொக்கின் சிறகு வெளுத்திருக்கிறது என்றால், சுற்றிலும் வண்ணம் பாய்ந்தபோது கை அந்த இடத்தைக் காத்து நின்றது என்பது பொருள். பரவிய வண்ணத்தைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க இயலாது. இதனை அறிந்தவர் அந்த வெண்மையைப் பார்த்து வியக்கும்போது, கொக்கின் அழகோடு அந்தக் கையின் பொறுமையும் சேர்ந்தே வியக்கப்படுகிறது. கருவி தந்த படத்திலும் கொக்கு வெளுத்திருக்கும். அதைக் கையால் வரைந்தது என்று சொல்பவர் பெற்றுக்கொள்ளும் பாராட்டு, இல்லாத பொறுமைக்குக் கிடைத்த பாராட்டு.

இதனால் விளையும் கேடு ஏமாந்தவரோடு முடிந்தாலும் தாழ்வில்லை. அது உண்மையாக வரைபவர் தலையில் வந்து விடிகிறது. 2022 டிசம்பர் இறுதியில், 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட ரெட்டிட் ஓவியக் குழுவிலிருந்து ஓர் ஓவியர் விலக்கப்பட்டார். நூல் அட்டைக்காகத் தாமே வரைந்த படத்தை அவர் அங்கு வெளியிட்டிருந்தார். அது கருவி வரைந்தது போல் இருந்ததாம். வரைந்த நிலைகள் அடங்கிய மூலக்கோப்பைக் காட்டுவதாக அவர் கூறியும் பயனில்லை. நீரே வரைந்திருந்தாலும் வேறு பாணியைத் தேடிக்கொள்ளும் என்ற பொருள்படவே மறுமொழி வந்தது. ஓவியர்களின் படங்களைப் பார்த்துத்தான் கருவி அப்பாணியைக் கற்றது. கற்றுக்கொடுத்தவர் தம் பாணியை விட்டு வெளியேற வேண்டும் என்பது எவ்வகை நீதி? அந்தக் குழுவின் காவலர்களும் தீய எண்ணத்தினர் அல்லர் எனலாம். போலிகள் மலிந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் போலியாகவே தோன்றும்.

ஆகவே வரைபவர்கள் சான்று சேர்க்கத் தலைப்பட்டனர். புரோகிரியேட் என்னும் வரைகருவி, வரையும்போதே ஒவ்வொரு தீற்றலையும் பதிவுசெய்து விரைவுக் காணொளியாகத் தந்துவிடும். வெற்றுத்தாளில் கோடு விழுவதும், பிழையான கோடு அழிவதும், வண்ணம் ஏறுவதும் அதில் தெரியும். இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று பலர் எண்ணியிருந்தனர். 2024 ஜூலையில் பெயின்ட்ஸ்-அண்டூ என்றொரு கருவி வெளியாயிற்று. முடிந்த படத்தை அதனிடம் கொடுத்தால், அது எவ்வாறு வரையப்பட்டிருக்கக் கூடும் என்பதைத் தானே கற்பனை செய்து, முதற்கோட்டிலிருந்து காணொளியாக்கித் தந்துவிடும். ஓவியம் பயில்வோர்க்கு அதனால் பயன் உண்டு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. எனினும் சான்று என எண்ணியிருந்ததும் ஐயத்துக்கு இடமாகிவிட்டது.

சட்டமும் தன்னால் இயன்றதைச் செய்கிறது. கருவி உருவாக்கிய படங்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்னும் விதி சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அச்சிட்டுப் பசை தடவிய கித்தானில் அடையாளத்தை எங்கே தேடுவது?

எஞ்சுவது பழைய வழிதான்: பார்ப்பவர் முன்னே வரைதல். அன்று காவலறையில் குற்றவாளிக்கு நேர்ந்த நிலை இன்று குற்றமற்றவர்க்கு நேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் அவ்வாறு வரைய இயலுவதில்லை. இரவில் தனியே அமர்ந்து வரைபவர் உண்டு. ஒருவர் பார்த்திருந்தால் கோடு ஓடாதவர் உண்டு. அவர்கள் பென்சிலால் இட்ட முன்வரைவுகளையும், வண்ணம் தொட்டுப் பார்த்த துண்டுத் தாள்களையும், கெட்டுப்போன முதற்படியையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் இவை ஓவியம் முடிந்த அன்றே குப்பைக்குப் போயின. இப்போது ஓவியத்தை வாங்க வருபவர், அவற்றையும் காட்டும்படி கேட்கிறார்.